அப்பா என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை

பிப்ரவரி 3

டாக்டரம்மாவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்னமும் இருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, கோழைத்தனம். அதனால் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் பாதியில் "ஒரு நிமிஷம்ணா, இன்னொரு கால் வருது" என்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

அப்பா நேற்று தெருவில் விழுந்துவிட்டார். பெயின்ட் கடை வாசலில். முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம், நாக்கு குழறல். கடைக்காரர் அவர் குடித்திருப்பதாக நினைத்து, "பெரியவரே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டபடியே தண்ணீர் தெளித்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் ரயில் எஞ்சின் ஓட்டிய மனிதர், ஒரு சொட்டு தொட்டதில்லை. நடுத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. நல்லவேளை, காது மந்தம். கேட்டிருக்காது.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை வெறும் நாற்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, "என் செருப்பு எங்கடா?" என்றார். ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

"இந்த மாத்திரையை எழுதினது யாரு?" என்று டாக்டர் கேட்டார். என் தங்கை என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றார். சொன்னேன். "அவங்களா! பெரிய ஆளாச்சே" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆளைப் பற்றி யார் பேசுவார்கள்?

போன வருஷம் நீ அப்பாவுக்கு எழுதினாய். நோய் நொடி இல்லாமல் வயதாகிறவர்களுக்கு இன்சுலின் எப்படிச் சுரக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம், உங்களை மாதிரி ஆரோக்கியமான முதியவர்கள் வேண்டும், வாருங்கள் என்று. எனக்கு எழுதவில்லை. அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். போகும்போது எழுபத்தாறு வயது ஆரோக்கியசாலி. வரும்போது சர்க்கரை நோயாளி, பையில் மாத்திரை. உன் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்று கழித்துக் கட்டிவிட்டாய். கழித்த சரக்கை என்னிடம் அனுப்பிவிட்டாய்.

நான் ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். பரிசு வாங்கிய அன்று மேடையில் உன் கார் ஓட்டுநருக்குக்கூட நன்றி சொன்னாய். நான் மூன்றாவது வரிசையில் அப்பாவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது போகட்டும். சாப்பிடும் இடத்தில் உன்னோடு வேலை செய்கிறவர் என்னிடம் ஏதோ கேட்க வந்தார். நீ குறுக்கே புகுந்து, "அண்ணன் ஸ்கூல் டீச்சர். அவனுக்கு இதெல்லாம் புரியாது" என்றாய். நான் உயிரியல் டீச்சர், டாக்டரம்மா. உனக்குக் கணையத்தின் படத்தை முதலில் வரைந்து காட்டியவனே நான்தான்.

கிளினிக் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பா நிறுத்த மாட்டேன் என்கிறார். "பொண்ணு குடுத்தது. பொண்ணு சொல்லட்டும்." ஆகவே ஒரு வரி எழுது.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணா,

அப்பா விழுந்ததை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்று இரண்டு முறை கூப்பிட்டேன், வேறு விஷயத்துக்கு. நீ எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். உன் கோபத்துக்காக அப்பா ஒரு வாரம் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறார். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இதோடு அப்பாவுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கையில் கொடு. நீ படித்துக் காட்ட வேண்டாம், அவரே படித்துக்கொள்வார்.

இப்போது உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். புரியாது என்று உன்னைச் சொன்னதற்கு நீ இத்தனை நாள் கோபப்படுகிறாய், அதனால் புரிகிற மாதிரியே சொல்கிறேன். வயதானால் கணையம் சோம்பலாகிறது. இளவயதில் சாப்பாடு உள்ளே போனதும் குபுக்கென்று வருகிற முதல் இன்சுலின், வயதானவர்களுக்குக் குறைந்துதான் வருகிறது. தசையும் முன்போல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. சாப்பிட்ட பின் சர்க்கரை கொஞ்சம் அதிகம் ஏறும், மெதுவாக இறங்கும். இது மூப்பு, நோய் இல்லை. ஆனால் எங்கோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இருநூறு என்பது அந்தக் கோடு. அப்பாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. என் அப்பா என்பதற்காக நான் கோட்டை நகர்த்தி வைக்கவா?

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவன் நீ. அவர் தேய்ந்துகொண்டே வந்ததை நீ பார்க்கவில்லையா? அந்த மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் இப்படித்தான் விழுவார்கள். என்ன சாப்பிட்டார் அன்றைக்கு? எழுது. இருபத்திரண்டாம் தேதி அந்த கிளினிக்கிலேயே மறுபடி சோதனை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா உன் சொத்து என்பதுபோல் நடந்துகொள்ளாதே. எனக்கும் அவர் அப்பாதான்.

தங்கை


பிப்ரவரி 25

தங்கைக்கு,

என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். எட்டு மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உன் தாளைப் படித்ததும் மாத்திரையைத் தூக்கிப் போட்டார். அது நடந்தது. ஆனால் மறு சோதனை என்று தெரிந்த அன்று ராத்திரி தட்டில் இருந்த ரொட்டியை ஒதுக்கிவிட்டு வெள்ளரிக்காயை மட்டும் தின்றார். மறுநாள் வெள்ளரிக்காயும் இல்லை, வெறும் மோர். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே கத்தினேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"பரீட்சைடா. மெடிக்கல்."

"அதுக்கு ஏன் பட்டினி?"

"நீ எஞ்சின் ஏறியிருக்கியா? வருஷா வருஷம் மெடிக்கல் வரும். கண்ணு, காது, ரத்தம், மூத்திரம். ஒண்ணுல கோட்ட விட்டா வண்டிய விட்டு எறக்கி ஷெட்டுல உக்கார வெச்சிடுவான். நாங்க எல்லாரும் நாலு நாள் முன்னாடியே வயித்தக் கட்டிடுவோம். நான் ஒரு தடவகூட ஃபெயில் ஆனதில்ல."

"போன வருஷம் அங்க போனப்பவும் இப்படித்தான் கட்டினீங்களா?"

"பின்ன? பொண்ணு முன்னாடி ஃபெயில் ஆவேனா? ஒரு வாரம் கட்டினேன்."

"அங்க யாரும் என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கலையா?"

"சின்ன நர்ஸ் ஒண்ணு கேக்க வாயெடுத்துச்சு. பெரிய நர்சு, 'ஏய், மேடத்தோட அப்பா, அவருக்குத் தெரியாததா?'ன்னு அடக்கிடுச்சு. நாற்காலில கூட மெத்தை போட்டுக் குடுத்தாங்கடா."

புரிகிறதா? உன் ஆய்வில் சேர்ந்த மற்ற கிழவர்களிடம் எல்லாம் மூன்று நாள் ரொட்டி, கிழங்கு ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார்கள். அப்பாவை மட்டும் கேட்கவில்லை. அவர் உன் அப்பா. மரியாதை! அந்த மரியாதைதான் அவரை நோயாளி ஆக்கியது. மாவுச் சத்து இல்லாமல் நாள் கணக்கில் கிடந்த உடம்பில் திடீரென்று ஒரு டம்ளர் குளுக்கோஸை ஊற்றினால் கணையம் தூக்கத்தில் இருந்து எழுப்பிய மாதிரி விழிக்கும். இளைஞனுக்கே சர்க்கரை ஏறி நிற்கும். வயதானவருக்குச் சொல்லவே வேண்டாம். இது உன் துறையின் அரிச்சுவடி. ஸ்கூல் டீச்சருக்கே தெரிகிறது.

அதோடு ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு நோய் என்று எழுதியிருக்கிறாய். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு இலையின் நீளத்தைக்கூட இரண்டு முறை அளப்பார்கள்.

சோதனையை மூன்று நாள் தள்ளி வைத்தேன். மூன்று நாளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். "ஊட்டி விடேன், அது ஒண்ணுதான் பாக்கி" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார். இன்று சோதனை. வெறும் வயிற்றில் தொண்ணூற்று நான்கு. இரண்டு மணி நேரம் கழித்து நூற்று முப்பத்தெட்டு. டாக்டர், "இந்த வயசுக்கு இது அழகான கணையம் சார்" என்றார்.

அவருக்கு நோயே இல்லை. வயதாகிறது, அவ்வளவுதான். இதை நீ அவருக்கு எழுத வேண்டும். என்னை அவர் நம்பவில்லை. முடிவைக் காட்டினால், "பொண்ணு பாத்துட்டுச் சொல்லட்டும்" என்கிறார். இன்று மதியமே மறுபடி ரொட்டியை ஒதுக்கிவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். இருக்கிற தசையும் போய்விட்டால் சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்க இடமே இருக்காது. அப்புறம் நிஜமாகவே நோய் வரும். உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையை எழுது. பிழை எங்கள் பக்கம் என்று எழுது.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அந்த மெத்தை போட்ட நாற்காலியைப் படித்ததும் எனக்கு எதுவும் ஓடவில்லை. அன்று நான் எட்டிப் பார்த்தேன். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ சொல்வது சரி. விசாரித்தேன். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். எட்டு மாதமாக ஒரு மறு சோதனை வைக்காததும் என் தவறுதான். இது உனக்கு மட்டும்.

அப்பாவுக்கு எழுதிய தாள் உள்ளே இருக்கிறது. மாத்திரை இனி வேண்டவே வேண்டாம், பயம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு அது போதும். எந்த நர்ஸ், எந்தக் கேள்வி என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? ஆய்வை இப்போது மேலிடத்துக் குழு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தாளையும் புரட்டுகிறார்கள்.

நீ பழைய கோபத்தையும் இதையும் ஒரே முடிச்சாகப் போடாதே.

தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

உன் தாளை அவர் கையில் கொடுத்தது நான்தான். படிக்காமல் கொடுத்தேன். மகள் அப்பாவுக்கு எழுதினதை அண்ணன் படிக்கக் கூடாது என்ற நாகரிகம் எனக்கு இருக்கிறது. அந்த நாகரிகத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

"சர்க்கரை முழுக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் உங்கள் வைராக்கியத்தின் பலன். இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்." அவரே உரக்கப் படித்துக் காட்டினார். இதுதானே நீ எழுதியது? ஒரு பொய்யைக்கூட இவ்வளவு முட்டாள்தனமாக எழுத முடியுமா? அவருடைய ஒழுங்கு என்றால் என்ன தெரியுமா? பட்டினி! பட்டினி கிடந்து ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கிறார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பெயின்ட் கடைக்காரரிடம் போய்க் காட்டினார். "குடிகாரன்னு நெனச்சியே, பாரு, வைராக்கியம்னு எழுதியிருக்கு. எழுதினது யாரு? எம் பொண்ணு." கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தாராம். இன்னொரு நாற்காலி!

நேற்று அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு வியாதியே வரலை. வராத வியாதிக்கு எதுக்குப் பத்தியம்?"

"வந்துச்சு. வெரட்டிட்டேன்."

"வரலைப்பா. சோதனை தப்பு."

"எம் பொண்ணு தப்பா எழுதுவாளா?"

"எழுதினா."

என்னை உற்றுப் பார்த்தார். "ஒனக்கு அவ மேல பொறாமடா. சின்ன வயசுலேருந்தே." தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

ஐம்பத்து மூன்று வயதில் இதைக் கேட்டேன். அவர் துணியைத் துவைத்துப்போடுகிறவன், நகம் வெட்டிவிடுகிறவன், காது மெஷினுக்கு பேட்டரி மாற்றுகிறவன் கேட்டேன். பொறாமை இருந்தால் தப்பா என்ற கேள்வி வாய்வரை வந்தது. தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

எடை இன்னும் குறைந்திருக்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார். முன்பெல்லாம் காலையில் ரயில் பாலத்து மேல் ஏறி நின்று எந்த வண்டி லேட் என்று டிரைவர்களைத் திட்டிவிட்டு வருவார். இந்த வாரம் போகவில்லை. வண்டிகள் இஷ்டத்துக்கு ஓடுகின்றன.

குழுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு விஷயம் எழுது: நோய் வரவில்லை, சோதனையில் எங்கள் தவறு, நீங்கள் சாப்பிட வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் கையெழுத்து ஒன்றுதான் அவர் வயிற்றுக்குள் போகும்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

முடியாது. கோபப்படுவாய் என்று தெரியும். படித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் தவறு என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வெளியில் இருந்தால், அதை அப்பா பெயின்ட் கடையில் காட்டுவார். நீயே எழுதியிருக்கிறாய். அது அங்கேயிருந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குழு யாரைப் பிடிக்கும்? என்னை இல்லை. கேள்வி கேட்க வாயெடுத்த அந்தச் சின்ன நர்ஸை. வேலை நிரந்தரம் ஆகாத பெண். விசாரணை முடியும்வரை தவறு, பிழை என்று எதையும் எழுத்தில் தரக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் விசாரணை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நேரில் வந்து சொல்கிறேன்.

நர்ஸ் ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் போனில்கூட என்னால் சொல்ல முடியாது. எம் பொண்ணு தப்பா எழுதுவாளா என்று கேட்டார் என்று எழுதினாயே. அந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கக் கூடாது.

ஜூன் வரை பார்த்துக்கொள். நீ சொன்னால் கேட்பார். எப்படியாவது சாப்பிட வை.

தங்கை


மார்ச் 26

தங்கைக்கு,

ஜூன்! உனக்கு அது காலண்டரில் ஒரு பக்கம். எழுபத்தாறு வயதில் வெள்ளரிக்காயும் மோருமாக ஜூன்வரை ஒருவர் நடமாடுவாரா? நீ அவருக்கு மகளாக வேண்டாம், டாக்டராகவே பதில் சொல்லிப் பார்.

நீ சொன்னால் கேட்பார் என்கிறாய். இத்தனை கடிதம் எழுதிய பின்னும் உனக்கு அது உறைக்கவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டார். என்றைக்கும் கேட்டதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் சொல்வது சத்தம். தூரத்தில் இருக்கிறவள் எழுதுவது வாக்கு. அதை நான் சகித்துக்கொண்டேன் என்று நினைக்காதே. இல்லை. சகிக்கப்போவதும் இல்லை.

அந்தச் சின்ன நர்ஸைப் பற்றி யோசித்தேன். அவள் ஒருத்திதான் கேட்க நினைத்தவள். அவள் தலையில் இது விழக் கூடாது. அந்த மட்டில் நீ சொன்னது நியாயம். மற்றது எல்லாம் உன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அப்பா உன்னை அண்ணாந்து பார்ப்பது உனக்கு வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் உடம்பில் இருந்து கிலோ கிலோவாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கடிதத்தை நானே எழுதிவிட்டேன். பள்ளி கம்ப்யூட்டரில், நீ அவருக்கு எழுதுகிற அதே பெரிய எழுத்தில். பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பார். உனக்கும் தெரியட்டும் என்று முழுவதும் இங்கே தருகிறேன்.

"அப்பா, உங்களுக்குச் சர்க்கரை நோய் வரவே இல்லை. முதல் சோதனைக்கு முன்னால் நீங்கள் ஒரு வாரம் பட்டினி இருந்தீர்கள். பட்டினி கிடந்தால் அந்தச் சோதனை பொய் சொல்லும். அது ரயில்வே மெடிக்கல் மாதிரி இல்லை. முந்தைய நாட்களில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்தான் இதில் பாஸ் ஆவார். இரண்டாவது முறை நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டீர்கள், பாஸ் ஆகிவிட்டீர்கள். வயது ஆனதால் கணையம் கொஞ்சம் நிதானமாக வேலை செய்கிறது. பழைய வண்டியில் பிரேக் போட்டால் உடனே நிற்காது, கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். அதற்காக அந்த வண்டிக்கு பிரேக் இல்லை என்று எந்த டிரைவரும் சொல்ல மாட்டார். நிற்கிற தூரம் தெரிந்து ஓட்டுவார். வேளைக்குச் சாப்பிடுங்கள். ரொட்டியை ஒதுக்க வேண்டாம். ஒரேயடியாக இல்லாமல் அளவாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் பாலம்வரை நடங்கள். பட்டினி கிடந்தால் தசை போகும், தசை போனால் அப்போது நோய் வரும். இனி எந்தச் சோதனைக்கும் டாக்டர் சொல்கிற அந்த ஒரு ராத்திரியைத் தவிர ஒரு வேளைகூடப் பட்டினி வேண்டாம்."

திரும்பப் படித்துப் பார். யாருடைய தவறு என்று ஒரு சொல் இல்லை. உன் குழு கையில் கிடைத்தாலும் ஒன்றும் ஆகாது. 'நான்' என்ற சொல்லும் இல்லை. நீயாக நான் நடிக்கவில்லை. ஆனால் அவர் இதை உன்னுடையது என்றுதான் நினைப்பார். நினைக்கட்டும் என்றுதான் அதே எழுத்தில் அடித்தேன். பெயின்ட் கடையில் காட்டுவார். "பாரு, பிரேக்குன்னு எவ்ளோ அழகா வெளக்கியிருக்கா எம் பொண்ணு" என்பார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கும் நன்றி உனக்குத்தான்.

இதைச் செய்வதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. ஜூனில் நீ வரும்போது கதவைத் திறப்பேன். பேசுவேனா என்று தெரியாது.

எங்கள் பள்ளி நூலகர் வியாழக்கிழமை உன் ஊருக்கு வருகிறார், கண் காட்ட. கடிதத்தை அவரிடம் கொடுத்து அங்கே தபால் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா உறையில் தபால் முத்திரையைப் பார்க்கிற ஆள். இது உன் ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும்.

அப்பாவின் கடிதத்துக்கு அடியில் என்ன பெயர் போடுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைப் போட்டால் பொய். என் பெயரைப் போட்டால் ரொட்டி மறுபடி தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். உறையை ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே போகட்டும்.